தையல்நாயகிக்கு ஒரு கொரிய வீடு

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, நவம்பர் மாதம் இருபத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. திருச்சியில் விடியற்காலையிலிருந்து தூறல். எட்டு மணிக்குப் பெருமழை. பதினொரு மணியளவில் வானம் வெளுத்துவிட்டது. என் மனைவி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள் அது. அந்த நாளையும் மழையையும் முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஏனென்றால், அன்று நடந்ததற்கெல்லாம் நான் ஒருவனே காரணம் என்று என் மைத்துனர் உறவினர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மழையின் பங்கை ஒருவரும் சொல்வதில்லை.

மன்னிக்க வேண்டும். அடுத்தவர் கைப்பேசியை எட்டிப் பார்ப்பது முறையன்று. ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கை என்றால் கண்ணில் படத்தான் செய்கிறது. வெள்ளைச் சுவர், தரையோடு தரையாக ஒரு மரமேசை, மூலையில் காகித விளக்கு. புதுவீடு கட்டுகிறீர்களா? நல்லது, கட்டுங்கள். அது கொரியப் பாணி. எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் நான் இருக்கிறேன், கே.கே. நகரில். நான் மட்டும் இருக்கிறேன். என் மனைவி தையல்நாயகி புதுக்கோட்டையில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளை அழைத்துவரத்தான் போகிறேன். ஞாயிறுதோறும் போகிறேன். புதுக்கோட்டை போய்ச் சேர நேரம் இருக்கிறது. சொல்லட்டுமா?

நான் தமிழாசிரியராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். பெயர் திருமேனிநாதன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘ஒற்றுப்பிழை’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும். பள்ளியில் என் மேசைமீது ஒரு மைக்கூடு, ஒரு பேனா, ஒரு கண்ணாடிக் கூடு; அதற்குமேல் ஒன்று இருந்தாலும் எனக்கு எழுத்து ஓடாது. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வீட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். ஐஸ்கிரீம் தீர்ந்த டப்பாக்களைக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அடுப்பங்கரை முழுவதும். வாளிக்குள் வாளி. பைக்குள் பை, அந்தப் பைக்குள் நூறு மஞ்சள் பைகள். சுவரில் நாள்காட்டி ஒன்று போதாதாம். நகைக்கடைக்காரன் கொடுத்தது ஒன்று, பால்காரன் கொடுத்தது ஒன்று, சென்ற ஆண்டினது ஒன்று. ‘சாமி படம் போட்டது, எப்படித் தூக்கிப் போடறது?’ என்பாள். போதாக்குறைக்குக் கூடத்தில் எந்நேரமும் ஆள்கள். எதிர்வீட்டு அம்மாள் கறிவேப்பிலைக்கு வந்து கால்நீட்டி உட்கார்ந்துவிடுவார். ஓய்வு பெற்றபின் அந்த வீட்டில் எனக்கு ஓய்வு என்பதே இருந்ததில்லை.

இப்போது கொரியாவுக்கு வருகிறேன். பகலுணவுக்குப்பின் தையல் கைப்பேசியில் கொரியத் தொடர் பார்ப்பாள். தமிழில் பேச்சு மாற்றியவை. அந்தத் தமிழைக் காதால் கேட்க முடியாது. நான் அவள் முதுகுக்குப்பின் நின்று, பேச்சை விட்டுவிட்டு வீட்டை மட்டும் பார்ப்பேன். அவள் கொரிய மாமியார்களைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் திட்டுவதை நிறுத்திவிட்டு, “வீட்டப் பாருங்களேன்... தூசி தட்ட ஒண்ணுமே இல்ல. எவ்ளோ நிம்மதி!” என்றாள். சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. அவள் வாயால் சொன்னது. இதை நான் இட்டுக்கட்டவில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, நுரையீரலில் இறங்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு, தொண்டையில் குழாய், செயற்கைச் சுவாசம். ஆயுத பூஜை அன்று மாலை மருத்துவர் என்னையும் மைத்துனர் குஞ்சிதபாதத்தையும் அறைக்குள் அழைத்து, “சார், நீங்க படிச்சவரு. ஒங்ககிட்ட மறைக்க வேண்டியதில்ல. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க. எதுக்கும் தயாரா இருங்க” என்றார். குஞ்சிதபாதம் அங்கேயே நாற்காலியில் சரிந்துவிட்டார். எனக்கு அப்படி உட்காரத் தெரியாது. மறுநாள் விஜயதசமி. எதையும் தொடங்குவதற்கு அதைவிட நல்ல நாள் உண்டா? ஃபெலிசியாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் பள்ளி எழுத்தரின் மகள்; வீட்டு உள்ளலங்காரம் படித்துவிட்டுத் தில்லைநகரில் அலுவலகம் வைத்திருக்கிறாள். அன்று பகலிலேயே வந்து அளவெடுத்தாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

காலையிலும் மாலையிலும் சற்று நேரந்தான் உள்ளே போய்ப் பார்க்க விடுவார்கள், தம்பி. மீதி நேரமெல்லாம் நான் அந்த வீட்டில் அந்தப் பொருள்களோடு இருக்க வேண்டும். இருந்து பார்த்தால்தான் தெரியும். அவள் மடித்து நாற்காலியில் போட்ட துணி அப்படியே கிடக்கிறது. தையல் எந்திரத்தின் ஊசிக்குக் கீழே பாதி தைத்த ரவிக்கை. அலமாரியைத் திறந்தால் அவள் போட்டுக்கொள்ளும் பவுடர் மணம். எதைப் பார்த்தாலும் அதுவும் என்னைப் பார்த்தது. ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

ஃபெலிசியா கெட்டிக்காரி. கொரியாவில் தரைக்கு அடியில் வெந்நீர் ஓடுமாம். அதனால் உட்காருவதும் படுப்பதும் தரையில். “அந்தச் செலவு நமக்கு வேண்டாம் அம்மா, திருச்சிக்கு வெயில் போதும்” என்றேன், சிரித்தாள். வெள்ளைச் சுவர், கைப்பிடி வெளியே தெரியாத அலமாரிக் கதவு, வெளிறிய மரநிறம், சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. எல்லாம் ஒப்புக்கொண்டேன். ஓர் இடத்தில் மட்டும் அவள் தயங்கினாள். “சார், ஆன்ட்டியோட திங்ஸ்லாம் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிடலாமே? அவங்க வந்து பாத்து, வேணாம்ங்கறத மட்டும் எடுத்துடலாம்.” நான் சொன்னேன்: “அறையில் அடைத்து வைத்துவிட்டுக் கூடத்தில் எளிமையைக் காட்டுவது ஏமாற்று. செய்வதைத் திருந்தச் செய்.” பட்டுப்புடவைகளை லால்குடியில் இருக்கும் என் தங்கைக்கும் அவள் மகள்களுக்கும் கொடுத்தேன். பாத்திரங்கள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயின. கட்டில், தையல் எந்திரம் எல்லாம் கேட்டவர்களுக்குப் போயின. தங்கை புடவைகளை வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். இலவசமாகக் கிடைத்ததற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் அறையை மட்டும் தொடவில்லை. அங்கே இருப்பவை நூல்கள். நூல்களைப் பொருள்கள் என்று சொல்ல முடியாது.

தீபாவளி கழிந்து தையலுக்கு மூச்சு தானாக வரத் தொடங்கியது. குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் என்ன சொன்னார் தெரியுமா? “தூசி ஆகாது. இரைச்சல் ஆகாது. அமைதியான சூழல் வேணும்.” கேட்டீர்களா? அவர் சொல்வதற்கு முன்பே நான் செய்து முடித்திருந்தேன்! குஞ்சிதபாதத்தைப் பார்த்து, “எப்படி?” என்று கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் மருத்துவமனை வராந்தாவிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தவர். தையலிடமும் சொல்லவில்லை. வந்து பார்த்து மகிழட்டும் என்றிருந்தேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பழைய சோபாவும் நாற்காலிகளும்தான் மிச்சம். பழைய சாமான் வாங்குபவர் காலையில் வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அவற்றை வாசலுக்கு இறக்கி வைத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது, வண்டி வரவில்லை. நனைந்தால் வாங்கமாட்டாரே என்று, ஃபெலிசியாவின் ஆள்கள் வாசல் கதவிலிருந்து சன்னல் கம்பிவரை நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினார்கள். அதன்கீழ் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். கூடத்தில் ஒன்றும் இல்லை. நடுவில் தையலுக்காக வாங்கிய பஞ்சு மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. மழை இருட்டாக இருந்ததால் தலைமாட்டில் காகித விளக்கை ஏற்றி வைத்தோம். முந்திய நாள் பூசிய வார்னிஷ் நெடியில் என் கண்கள் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தக் கூடம் இருக்கிறதே, தம்பி, அப்படி ஓர் அமைதி!

அப்போது கலியமூர்த்தி வந்தார். எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். பேசத் தொடங்கினால் அவரை நிறுத்த அவருடைய ஊதுகுழலையே எடுத்து ஊதவேண்டும். தையல் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுப்போக மழைச்சட்டையோடு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். நாற்காலிகளைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெத்தையையும் விளக்கையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைக் காட்டினேன், உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். நெடுநேரம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், “எத்தனை மணிக்கு சார்?” என்றார்.

“பதினொரு மணிக்கு” என்றேன்.

தலையசைத்தார். எழுந்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

ஃபெலிசியா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “சார், அந்த அங்கிள் அழுதாரு சார்” என்றாள். “அம்மா, கலியமூர்த்தியையே வாய்மூட வைத்த வீடு இது. நீ பெருமைப்படலாம்” என்றேன். அவள் முகத்தில் பெருமை எதையும் காணோம்.

மழை விட்டது. மருத்துவச் சீட்டைத் தேடி நான் என் அறையில் இருந்தபோது வாசலில் ஆளரவம் கேட்டது. வந்து பார்த்தால் சங்கத்தார் ஏழெட்டுப் பேர் தார்ப்பாயின்கீழ் என் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. இருவர் கையில் ஆளுயர ரோஜாமாலை. தையலை வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாலை சற்றுப் பெரிது என்று தோன்றியது உண்மைதான். ஆனால் எங்கள் சங்கத்தார் எதையுமே சற்று மிகையாகச் செய்பவர்கள்.

அந்த நேரத்தில் குஞ்சிதபாதத்தின் கார் வந்து நின்றது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு தையல் இறங்கினாள்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரோ “ஐயோ” என்றார்கள். மாலையை வைத்திருந்த இருவரும் அதை முதுகுக்குப்பின் மறைக்கப் பார்த்தார்கள். ஆளுயர மாலை எங்கே மறையும்? கலியமூர்த்தி மட்டும் ஓடிப்போய், “தங்கச்சி! அம்மா தங்கச்சி!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் விம்மினார்.

தையல் மாலையைப் பார்த்தாள். வரிசை நாற்காலிகளைப் பார்த்தாள். மெலிந்து, குரல் கம்மிப்போய் நிற்பவள், என்ன சொன்னாள் தெரியுமா?

“என்ன கலியமூர்த்தி அண்ணே, இவ்ளோ அவசரம்? கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க போலருக்கே!”

எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். அவளும் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன், தம்பி. அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையால் அவளுக்கு வருத்தம் வரவில்லை.

பிறகு வாசற்படி ஏறினாள். கூடத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

உள்ளே வந்து, நடுவில் விரித்திருந்த மெத்தையைச் சுற்றிக்கொண்டு போனாள், மிதிக்கவில்லை, உட்காரவில்லை. சுவரைத் தடவித் தடவி நடந்தாள். அலமாரி எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபெலிசியா ஓடிப்போய் அழுத்தித் திறந்து காட்டினாள். அதில் நான் புதிதாக வாங்கி வைத்த பருத்திப் புடவைகள் சில மட்டும் இருந்தன, வெளிர்நிறத்தில்.

“எம் பொடவையெல்லாம்?”

“தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்” என்றேன்.

“யாருக்கு?”

“தங்கைக்கு. அவள் பெண்களுக்கு.”

“அவங்க கேட்டாங்களா, நீங்களா குடுத்தீங்களா?”

“நானாகத்தான்.”

என் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். நூல்கள், இதழ்களின் பழைய தொகுப்புகள், கூரை வரை. வாசலில் நின்றபடியே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஃபெலிசியாவிடம் திரும்பினாள். “நீ மொதமொதல்ல எப்பம்மா வந்து அளவெடுத்த?”

“விஜயதசமி அன்னிக்கு ஆன்ட்டி. சார் காலைல போன் பண்ணாங்க.”

பொய் சொல்லத் தெரியாத பெண். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

“குஞ்சு, விஜயதசமி அன்னிக்கு நான் எப்படி இருந்தேன்?”

குஞ்சிதபாதம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சொல்லுடா.”

“கொழாயோட இருந்தக்கா... அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“மொத நாளு டாக்டர் என்ன சொன்னாரு?”

அவர் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். “அத்தான்,” என்றார், “அன்னிக்கு ராத்திரி நான் சமயபுரத்தாளுக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீங்க இதுக்கா போன் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“அன்றிரவு இல்லை, மறுநாள் காலை” என்றேன். எதையும் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

தையல் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். “நீ சொன்னதைத்தானே செய்தேன்? தூசி தட்ட ஒன்றும் இல்லை, நிம்மதி என்றாயே” என்றேன்.

“தூசி வேணாம்னுதாங்க சொன்னேன்” என்றாள். வெறுமனே, காய்க்காரி விலை சொல்வதுபோல. பிறகு, “கலியமூர்த்தி அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள். “குஞ்சு, வண்டிய எடு.”

ஒரு குவளைத் தண்ணீர்கூட அவள் அந்த வீட்டில் குடிக்கவில்லை. சங்கத்தார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினாள். நான் காருக்கு அருகில் போய், “உடம்பு தேறியதும் வந்துவிடு” என்றேன். கண்ணாடி ஏற்றியிருந்தது; கேட்டிருக்காது.

அதன்பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் வாங்குபவர் அன்று மாலையே வந்து சோபாவையும் நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு போனார். மாலையைக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது, வீட்டிலும் வைக்க முடியாது என்று சங்கத்தார் விவாதித்தார்கள்; கடைசியில் தெருமுனையில் மாடு தின்றது. கலியமூர்த்தி பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஃபெலிசியா கூடத்தைப் படம் எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். ஏராளமானவர்களுக்குப் பிடித்திருந்தது என்று காட்டினாள். நான் லால்குடிக்குப் போய்த் தங்கையிடம் புடவைகளைத் திருப்பிக் கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். அதைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். தையல் மூட்டையை அவிழ்க்கவே இல்லை. “குடுத்தது குடுத்ததுதான், அதை எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையறீங்க? அவளுகளே கட்டட்டும்” என்றாள். திரும்ப லால்குடிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

குஞ்சிதபாதத்தின் வீட்டில் அவளுக்குக் கொடுத்திருக்கும் அறையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒருபக்கம் அரிசி மூட்டை, ஒருபக்கம் பிள்ளைகளின் பழைய மிதிவண்டி, சுவர் முழுக்க நாள்காட்டி. நான் போனால் நாற்காலியில் இருக்கும் துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு என்னை உட்காரச் சொல்வாள். மரியாதையில் குறை வைப்பதில்லை, காப்பி தருவாள். வேளைக்கு மாத்திரை போட்டாயா என்பேன்; போட்டேன் என்பாள். எடை கூடியிருக்கிறது. இருமல் அறவே இல்லை. அத்தனை தூசியில்! மருத்துவருக்கே வியப்பு. எப்போது வருகிறாய் என்று மார்கழியில் கேட்டேன். பொங்கல் கழியட்டும் என்றாள். பொங்கல் கழிந்து கேட்டேன். வெயில் தணியட்டும் என்றாள். இப்போது ஆனி பிறந்துவிட்டது.

போன வியாழக்கிழமை குஞ்சிதபாதம் ஒரு திருமணத்துக்காகத் திருச்சிக்கு வந்தார். என் வீட்டு வாசலிலேயே நின்றார். எவ்வளவு அழைத்தும் உள்ளே வரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுச் சாவி. தையலின் கைப்பையில் இருப்பது. மருத்துவமனையில்கூட அது அந்தக் கைப்பையிலேயே இருந்தது. “அக்கா குடுத்துடச் சொன்னா” என்றார்.

நான் சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறவன். அது அவளுக்குத் தெரியும். மாற்றுச் சாவி என்னிடமே இருக்கட்டும் என்று அனுப்பியிருப்பாள். எப்போதும் முன்யோசனை உள்ளவள். ஆனால் அவள் திரும்பி வரும்போது நான் வெளியே போயிருந்தால்? கதவைத் திறக்க அவளிடம் ஒன்று இருக்க வேண்டாமா? அதனால் இதைக் கொண்டுபோகிறேன். அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வருவேன். வாங்கிக்கொள்ளாவிட்டால் நாற்காலியில் வைத்துவிட்டு வருவேன்.